பெயிண்டர் வீட்டு மாடிச் சுவர்

ஆராதனை முடிந்து சனங்கள் வாசலில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே கொத்தனார் மெல்ல நழுவிவிடுவார். வேதப்புத்தகத்தை மனைவியின் கையில் திணித்து, "நீ போயிட்டே இரு, இதோ வந்துடுறேன்" என்பார். அந்த 'இதோ' பொழுது சாயும்வரை நீளும் என்று அவளுக்குத் தெரியும். ஏழு மாதமாக ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்துதான். தெருக்கோடியில் பெயிண்டர் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்குத்தான் போவார். கூலி என்று எதுவும் கிடையாது. ஒரு டீ கிடைக்கும், அதுவும் ஆறிப்போனது.

அவளை எல்லோரும் நெட்டச்சி என்பார்கள். ஆள் அவ்வளவு உயரம். கலவைச் சட்டியைத் தலையில் வைத்து நிமிர்ந்தாளென்றால் சாரத்தின் மேல் நிற்கிறவர் குனியாமலே வாங்கிக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன்னும் சித்தாள், பின்னும் சித்தாள். இருபத்திரண்டு வருஷமாகக் கொத்தனார் எழுப்பிய சுவர்களுக்கெல்லாம் செங்கல்லும் கலவையும் சுமந்தது அவள் தலைதான். ஆறு நாள் சுமக்கிறது பத்தாதென்று ஏழாம் நாளுமா என்று பெயிண்டர் வீட்டுப் பக்கம் மட்டும் அவள் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

"ஆண்டவரே ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தாரு. நீங்க என்ன அவரைவிடப் பெரிய ஆளா?" என்று ஒருநாள் வழிமறித்துக் கேட்டாள்.

"அவரு வேலையை முடிச்சிட்டு ஓய்ஞ்சாரு. எனக்கு இன்னும் முடியலையே."

"உங்களுக்கு எப்பத்தான் முடியும்? போன வருஷம் ரொட்டிக்காரிக்கு அடுப்பு கட்டிக் குடுத்தீங்க. அதுக்கு முந்தின வருஷம் நொண்டி வாத்தியாருக்குப் பள்ளிக்கூடம். அவ கடை போட்டா, அவரு பள்ளிக்கூடம் வச்சாரு. நம்ம வீட்டுப் பின்சுவரு மட்டும் பல்லு போன கிழவி மாதிரி இளிச்சுக்கிட்டு நிக்குது. ஊர்ல இருக்கிறவங்க கனவு காண்றதுக்கெல்லாம் நீங்கதான் தலகாணி."

கொத்தனார் சிரித்தார். "தலகாணி நல்ல பொருள்தானே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவருக்குக் கூட்டத்தில் எழுந்து நின்று நாலு வார்த்தை ஜெபிக்க வராது. நாக்கு ஒட்டிக்கொள்ளும். போதகர் ஒருமுறை கட்டாயப்படுத்தி நிற்க வைத்தபோது, "ஆண்டவரே, ஸ்தோத்திரம், உட்காந்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சபையே சிரித்தது. அதற்குப் பிறகு யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

பெயிண்டருக்கு இரண்டு அறை போதும், அவரும் மனைவியும்தான். ஆனால் மாடியில் ஒரு அறை வேண்டும், தெருவைப் பார்த்துப் பெரிய ஜன்னல் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். நெட்டச்சிக்கு அது வெறும் பவிசு. ஆனால் கொத்தனாரிடம் பெயிண்டர் காரணம் சொல்லியிருந்தார். முப்பது வருஷமாகக் கயிற்றில் தொங்கி அடுத்தவர் வீட்டு மாடி ஜன்னல்களுக்கு வெளியில் நின்றே வர்ணம் அடித்தாயிற்று, ஒரே ஒரு ஜன்னலுக்காவது உள்ளே நின்று வெளியே பார்க்க வேண்டும் என்று. அதைக் கேட்ட அன்றே கொத்தனார் நூலும் தூக்குக்குண்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கீழ்த்தளம் முடிந்து, கூரை போட்டு, மாடியில் மூன்று பக்கம் சுவரும் ஏறிவிட்டது. ஜன்னல் வரவேண்டிய முன்சுவர் இடுப்பளவுக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை காற்று பலமாக அடித்தது. நெட்டச்சி அடுப்பில் கஞ்சி வைத்துக்கொண்டிருந்தாள். பெயிண்டர் வாசலில் வந்து நின்றார். வாயைத் திறக்கிறார், சத்தம் வரவில்லை. அவள் அடுப்பை அணைக்கக்கூட இல்லை.

சாரக்கட்டையில் ஒரு முடிச்சு நழுவியிருந்தது. பலகையோடு சேர்ந்து சரிந்த கொத்தனார் கீழே அடுக்கியிருந்த செங்கல் குவியலின் மேல் முதுகு பட விழுந்திருந்தார். நினைவு தப்பவில்லை. அவளைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல நெட்டே, காலுதான் எங்கயோ போயிடுச்சு" என்றார்.

கால் இருந்தது. அவருக்குத்தான் அது இல்லாமல் போயிருந்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகு பெரிய டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இடுப்புக்குக் கீழே இனி உணர்ச்சி வராது என்றார். படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வதுதான் இனி வைத்தியம் என்றார். புண் ஏற்கெனவே வந்திருந்தது. முதுகின் அடியில், ஒரு கை அகலத்துக்கு.

வீட்டில் முன்னறையில் கட்டில் போட்டாள். இரண்டு மணிக்கு ஒரு தடவை புரட்ட வேண்டும். மூத்திரப் பையை மாற்ற வேண்டும். துடைத்து, புண்ணைக் கழுவி, மருந்து வைத்துக் கட்ட வேண்டும். கலவை சுமந்த உடம்பு என்பதால் தூக்கிப் புரட்டுவது அவளுக்குப் பெரிய காரியமாக இல்லை. வேறொன்றுதான் பெரிய காரியமாக இருந்தது. தன்னை வேறு யாரும் தொடக்கூடாது என்பதில் கொத்தனார் பிடிவாதமாக இருந்தார். உதவிக்கு வந்த சபைப் பெண்களை, "அவ வரட்டும்" என்று திருப்பி அனுப்புவார். அவள் பாதி நாள் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரே பக்கமாகக் கிடப்பார்.

விழுந்த நாளிலிருந்து அவள் ஜெபிப்பதை விட்டுவிட்டாள். கஞ்சிக் கிண்ணத்தின் முன்னால் அவர் கண்ணை மூடும்போது அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கொத்தனாரை வீட்டுக்குக் கொண்டுவந்த பத்தாம் நாள்தான் பெயிண்டர் வந்தார். உள்ளே வராமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நகக்கண்ணில் எப்போதும் இருக்கும் வர்ணம்கூட இல்லை. வேலைக்கே போகவில்லை போலும்.

"உள்ள வாடா" என்றார் கொத்தனார்.

"அண்ணே, அந்த முடிச்சு நான் போட்டது."

"தெரியும்."

"நான் போட்டதுண்ணே. மழையில நனைஞ்ச கயிறு, ஈரமா இருக்கும்போது இறுக்கினேன். காஞ்சதும் இளகிடுச்சு."

"ஏறுறதுக்கு முன்னாடி இழுத்துப் பாக்குறது என் வேலை. நான் பாக்கல. அதோட விடு. சுவரு எங்க நிக்குது?"

பெயிண்டர் தலையை ஆட்டினார். "நிறுத்திட்டேன். வித்துடலாம்னு இருக்கேன். அந்தச் சுவரைப் பாக்கவே முடியல."

கொத்தனார் முழங்கையை ஊன்றி எழப் பார்த்தார். பாதி உடம்புதான் கேட்டது. "என்னைப் படுக்க வச்சது பத்தாதா? அதையும் படுக்க வைக்கப் போறியா?"

சட்டி தேய்த்துக்கொண்டிருந்த நெட்டச்சி அப்படியே எழுந்து வந்தாள். கையெல்லாம் சாம்பல். "தம்பி, போயிடுங்க. இதுக்கு மேல இந்த வீட்டுல சுவரு, ஜன்னல்னு ஒரு வார்த்தை கேட்டுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியாது. போங்க."

"அண்ணி..."

"போங்கன்னேன்!"

அவர் போன பிறகு அவள் மிச்சச் சட்டியையும் தேய்த்து முடித்தாள். புரட்ட வேண்டிய நேரம் வந்தது. அவள் தோளுக்கு அடியில் கை கொடுத்துப் புரட்டினாள். முகம் சுவர்ப் பக்கம் போனதும் அவர் பேசினார்.

"அவனை ஏன் விரட்டின?"

"வேற என்ன பண்ணணும்? மடியில வச்சுத் தாலாட்டணுமா?" எப்போதும் 'நீங்க' என்கிறவளுக்கு அன்றைக்கு மரியாதை பறந்துவிட்டது. "உன்னை யாரு கேட்டா? கர்த்தர் வந்து கேட்டாரா, பெயிண்டருக்கு ஜன்னல் வச்சுக் குடுன்னு?"

"கேட்டாருன்னு சொன்னா நீ நம்ப மாட்ட."

"நம்ப மாட்டேன்."

"எனக்கு வேற எதுவும் தெரியாது நெட்டே. வசனம் சொல்லத் தெரியாது. பாட வராது. ஜெபம் பண்ண நின்னா சபையே சிரிக்குது. ஒருத்தன் மனசுல ஒண்ணு இருக்கு, அதுக்கு ஒரு சுவரு வேணும்னா, அதைக் கட்ட எனக்குத் தெரியும். அந்த நேரம்தான் அவரு பக்கத்துல நிக்கிற மாதிரி இருக்கும். அது பொய்யாக்கூட இருக்கலாம். ஆனா அந்த நேரம் மட்டும்தான்."

"அப்ப என் மனசுல என்ன இருக்குன்னு எப்பவாவது கேட்டியா? ரொட்டிக்காரி மனசு தெரியும், வாத்தியார் மனசு தெரியும், பெயிண்டர் மனசு தெரியும். இருபத்திரண்டு வருஷம் உன் கீழ நின்னு சட்டியைத் தூக்கிக் குடுத்தவளுக்கு மனசே இல்லையா?"

மறுநாள் மத்தியானம், அவள் புண்ணைக் கழுவிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"என்ன இருக்கு? சொல்லு."

"இப்ப கேட்டு என்ன ஆகப்போகுது?"

"சொல்லேன்."

பஞ்சை நனைத்தாள், பிழிந்தாள், மறுபடி நனைத்தாள். "ஒரு சுவரு. முழுசா நானே எடுக்கணும். அடி வரியில இருந்து மேல் வரி வரைக்கும். யாருக்கும் சட்டி தூக்கிக் குடுக்காம, எனக்கு ஒருத்தர் தூக்கிக் குடுக்கணும். அவ்வளவுதான். சிரிக்கிறதுன்னா சிரிச்சுக்கோங்க."

அவர் சிரிக்கவில்லை.

"ஒருதடவை வச்சுப் பாத்தேன்" என்றாள் அவளாகவே. "சர்க்கரை குடோன் கட்டினோமே, அப்ப. சாப்பாட்டு நேரத்துல எல்லாரும் நிழலுக்குப் போயிட்டாங்க. நூல் கட்டியிருந்துச்சு, கலவை மீந்திருந்துச்சு. நாலு கல்லு வச்சேன். நேரா இருந்துச்சு. திரும்பி வந்து பாக்குறேன், மேஸ்திரி பிரிச்சுப் போட்டுட்டான். பொம்பளை வச்ச கல்லுன்னு தெரிஞ்சிருக்கும்போல."

அவள் பஞ்சை மறுபடி பிழிந்து புண்ணில் ஒற்றினாள்.

"மேஸ்திரி இல்ல" என்றார் கொத்தனார்.

அவள் கை நின்றது.

"நான்தான் பிரிச்சேன். நீ வைக்கிறதை மரத்தடியில இருந்து பாத்தேன். நல்லாத்தான் வச்சிருந்த. கூட இருக்கிறவனுங்க பாத்தா கேலி பண்ணுவானுங்க, பொண்டாட்டி கையில கல்லு வைக்கிற கரணையைக் குடுத்துட்டான்னு. அதான், நீ கை கழுவப் போனதும் பிரிச்சுட்டேன். கலவையை வழிச்சு, கல்லைத் துடைச்சு, பழைய எடத்துல அடுக்கினேன்." மூச்சு வாங்கியது அவருக்கு. "பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஒவ்வொரு தடவை கோயில்ல திருவிருந்து அப்பம் வாங்கும்போதும் ஞாபகம் வரும். சொன்னதில்ல."

அவள் கட்டை முடித்தாள். துணியை மாற்றினாள். கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய் அந்த இளித்த பின்சுவரின் முன்னால் நின்றாள். பன்னிரண்டு வருஷம் மேஸ்திரியைத் திட்டியிருக்கிறாள். அவன் செத்தபோது துக்கம் விசாரிக்கக்கூடப் போகவில்லை.

இரண்டு நாள் அவள் பேசவில்லை. நேரத்துக்குப் புரட்டினாள், கழுவினாள், ஊட்டினாள். மூன்றாம் நாள் அவர்தான் தொடங்கினார்.

"அந்த முன்சுவரை நீ கட்டுறியா? அடி வரி நான் வச்சதுதான், மிச்சம் பூரா உன்னுது."

"உங்க ஊழியத்துக்கு என்னையும் ஆள் சேக்குறீங்களாக்கும்."

"பெயிண்டருக்காகக் கேக்கல. மாட்டேன்னா விட்டுடு, வேற எங்கயாவது ஒரு சுவரு தேடுவோம். நியாயமா நீ கட்டுறதுக்கு நான் கலவை சுமக்கணும். அது முடியாது. என்னால வேற என்ன முடியும்னு மூணு நாளா யோசிக்கிறேன்."

"என்ன முடியும்?"

"பெயிண்டர் சம்சாரத்தை வரச் சொல்லு. நீ போற நேரம் அந்தப் பொண்ணு என்னைப் பாத்துக்கட்டும்."

நெட்டச்சி அவரைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். காது சிவந்திருந்தது. வேறொருத்தர் கை பட்டால் செத்துப்போவேன் என்று சொன்ன மனுஷன். பாதி நாள் ஒரே பக்கமாகக் கிடந்து பல்லைக் கடித்த மனுஷன். அவரால் கொடுக்க முடிந்தது இனி அது ஒன்றுதான் என்று அவளுக்குப் புரிந்தபோது கோபம் போய்விடவில்லை. கோபத்துக்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஞாயிற்றுக்கிழமை அவள் கோயிலுக்குப் போகவில்லை. பெயிண்டரின் மனைவி, குருவி மாதிரி சின்ன உடம்புக்காரி, கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்து கட்டிலருகே நின்றாள். "பயப்படாதம்மா" என்றார் கொத்தனார். "மண்மூட்டைன்னு நெனச்சுப் புரட்டு."

சாரத்தை நெட்டச்சியே கட்டினாள். ஒவ்வொரு முடிச்சையும் தொங்கிப் பார்த்தாள். பெயிண்டர் மணலும் சிமெண்டும் குழைத்து, சட்டியைத் தலையில் ஏற்றத் தெரியாமல் ஏற்றி, கழுத்து வழியே கலவை வழிய வந்து நின்றார்.

"சும்மாட்டுத் துணியைத் தலைக்கு நடுவுல வையுங்க தம்பி. கழுத்தை ஆட்டாதீங்க, சட்டி தானா நிக்கும்."

"இவ்வளவு கனமா அண்ணி!"

"இது அரைச்சட்டி."

கல்லை நனைத்தாள். இரண்டு மூலையையும் எடுத்து, நூல் கட்டி, கலவை விரித்து, கல்லை வைத்துக் கரணைக் கட்டையால் தட்டினாள். இத்தனை வருஷம் கீழிருந்து பார்த்த வேலை. கண்ணுக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை. சாயங்காலம் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டபோது மூன்று வரியும் அரை விரல் வெளியே தள்ளியிருந்தது.

"பூசிட்டா தெரியாது அண்ணி. நானே பட்டி பாத்து மறைச்சிடுறேன்."

"எனக்குத் தெரியுமே" என்று மூன்று வரியையும் அவளே தட்டி இறக்கினாள். தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்து, ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னாள். கொத்தனார், "எவ்வளவு தள்ளிச்சு?" என்றார். "அரை விரல்." "நானா இருந்தா விட்டிருப்பேன்" என்றார். அவர் சொன்னது உண்மையா, தன்னைத் தேற்றவா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பல நாளைக்குப் பிறகு அன்றைக்கு அவரோடு ஒரே கிண்ணத்தில் கஞ்சி குடித்தாள்.

அடுத்த ஞாயிறு நாலு வரி நின்றது. அதற்கடுத்த ஞாயிறு ஜன்னல் சட்டத்தை நிறுத்தி, இருபுறமும் ஏறினாள். கை பழகிவிட்டது. கல்லைக் கையில் எடுத்ததுமே எந்த முகம் வெளியே வரவேண்டும் என்று விரல் சொன்னது. வெயில் முதுகைப் பொரித்தது. வேலைக்கு நடுவில் தான் சந்தோஷமாக இருக்கிறோம் என்று திடீரென உறைத்து, ஏதோ திருடிவிட்டதுபோல வீட்டுத் திசையைப் பார்த்தாள்.

வீட்டில் காய்ச்சல் தொடங்கியிருந்தது. புண் உள்ளுக்குள் ஓடிவிட்டது என்றார் டாக்டர். ஊசி போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டாம் என்றார் கொத்தனார். நான்காம் ஞாயிறு காலையில் அவள் கட்டிலை விட்டு நகரவில்லை.

"போ" என்றார். உதடு வெடித்திருந்தது.

"இன்னைக்கு வேணாம்."

"கலவை குழைச்சிருப்பான். காஞ்சு போயிடும்."

"போகட்டும்."

"நெட்டே." கொஞ்சம் பொறுத்துச் சொன்னார். "அன்னைக்குப் பிரிச்சேன். இன்னைக்கும் என்னால நின்னு போச்சுன்னா, ரெண்டு தடவை பிரிச்சவன் ஆயிடுவேன்."

அவள் தண்ணீர் கொடுத்து, துணியை நனைத்து நெற்றியில் போட்டுவிட்டு, போனாள். போய் ஏறினாள். ஜன்னலுக்கு மேல் விட்டம் வைத்து, அதன்மேல் முதல் வரி. வெயில் உச்சிக்கு ஏறியபோது தெருவின் மறுகோடியில் பெயிண்டரின் மனைவி வருவது சாரத்திலிருந்து தெரிந்தது. ஓடி வந்திருந்தால் இன்னும் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம். அவள் நடந்து வந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியாக.

கீழே பெயிண்டர் இன்னும் பார்க்கவில்லை. சட்டியை நீட்டியபடி அண்ணாந்து நின்றார். நெட்டச்சி கையிலிருந்த கல்லை வைத்தாள். தட்டினாள். பிதுங்கிய கலவையை வழித்துச் சட்டியில் போட்டாள். பிறகு இறங்கினாள்.

அடக்கத்துக்கு முன்பு போதகர் வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷர். "பிறருக்காகத் தன்னையே கொடுத்த பரிசுத்தவான்னு பேசப்போறேன்மா" என்றார்.

"வேணாங்கய்யா. பரிசுத்தவான் ஆக்கிடாதீங்க" என்றாள். "ஊருக்கெல்லாம் செஞ்சாரு, வீட்டுல ஒரு தப்பு பண்ணாரு. அதைப் பன்னெண்டு வருஷம் வச்சிருந்து, கடைசியில வாயைத் திறந்து சொன்னாரு. அந்நிய பொண்ணு கையில உடம்பைக் குடுத்து அதைச் சரி பண்ணிட்டுப் போனாரு. பேசுறதுன்னா அதைப் பேசுங்க."

போதகர் அதைப் பேசவில்லை. எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரிந்திருக்காது. ரொட்டிக்காரி வந்தாள், வாத்தியார் கட்டை ஊன்றி வந்தார். பெயிண்டரின் மனைவி அவள் காலடியில் உட்கார்ந்து, "என்னால முழுசாப் புரட்ட முடியலக்கா. 'பரவாயில்ல, விடும்மா, சரியாத்தான் இருக்கு'ன்னே சொன்னாரு. நானும் விட்டுட்டேன்" என்று அழுதாள். நெட்டச்சி அவள் தலையில் கை வைத்தாள். அந்த நாலு ஞாயிறும் தான் போகாமல் இருந்திருந்தால் என்ற கணக்கை அன்றும் போட்டாள், அதற்குப் பிறகு எத்தனையோ நாளும் போட்டாள். விடை ஒருநாளும் வரவில்லை.

இரண்டு ஞாயிறு கழித்துச் சாரத்தில் ஏறினாள். பெயிண்டர், "விடுங்க அண்ணி, மிச்சத்துக்கு வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்று கெஞ்சினார். அவள் காதில் வாங்கவே இல்லை. மத்தியானம் பக்கத்துத் தெருக் கொத்தனார் ஒருவர் வந்து நின்றார். முதல் வாரம் நின்று சிரித்தவர்களில் ஒருத்தர். மாடிக்கு ஏறி வந்து, எதுவும் கேட்காமல் தூக்குக்குண்டை எடுத்து மூலையில் தொங்கவிட்டார். குண்டு ஆடி நின்றது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மறு மூலைக்கும் போய்ப் பார்த்தார்.

"நாளைக்கு நம்ம வேலைக்கு வர்றியா?" என்றார்.

"என்ன வேலைக்கு?"

"சித்தாளுக்குத்தான்... வேற என்ன?"

"கரணையோட வர்றதுன்னா வர்றேன்."

அவர் குண்டைச் சுருட்டி வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

இன்னும் இரண்டு வரி பாக்கி இருக்கும்போது வானம் கறுத்தது. பெரிய பெரிய துளியாக விழத் தொடங்கியது. பெயிண்டரும் அவர் மனைவியும் சாக்குகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். மூவருமாக ஈரக் கலவை கரைந்துவிடாமல் புது வரியைப் போர்த்தி, காற்றில் பறக்காமல் செங்கல்லைப் பாரம் வைத்தார்கள். நனைந்து கீழ்த்தளத்தில் வந்து நின்றபோது மழை பிடித்துக்கொண்டு கொட்டியது. பெயிண்டரின் மனைவி ஒரு ரொட்டியைப் பிட்டு அவள் கையில் வைத்தாள். வாயில் வைத்ததும் நெட்டச்சிக்கு அழுகை வந்தது. ஆஸ்பத்திரியிலும் வராதது, கல்லறையிலும் வராதது. வாயில் ரொட்டியோடு, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அழுதாள். அவர்கள் இருவரும் பக்கத்தில் சும்மா நின்றார்கள்.

மேலே சாக்கின் மேல் மழை அறையும் சத்தம் கேட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். மாதக்கணக்கில் மூடாத கண்.

"ஆண்டவரே, சுவரு இன்னும் பச்சையா இருக்கு" என்றாள் சத்தமாகவே. "கரைச்சிடாதேயும்."

அதற்கு மேல் கேட்க அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.